கல்லைக் கேட்டுச் சொல்கிறேன்

கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் நிலவியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவள் நான். கல், மண், ஃபாசில், அவற்றைப் படிக்கிற படிப்பு பற்றி வந்த கடிதங்களில் இந்த மாதத்துக்கு எடுத்துக்கொண்டவை இவை.

எங்கள் கொல்லையில் உழும்போது ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கற்கள் வரும். சின்ன வயதிலிருந்து சேர்த்துவைத்திருக்கிறேன். இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஃபாசில் பற்றி மட்டும் படிக்கத் தனியாக ஏதாவது டிகிரி இருக்கிறதா?
— மாணவி, செந்துறை

ஆட்டுக்கொம்பு என்று எழுதினாய் பார், அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அதற்குப் பெயர் வைத்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. எகிப்தின் அம்மோன் கடவுளுக்கு ஆட்டுக்கடாவின் கொம்பு, அதனால் அம்மோனைட். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துப் பங்காளி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்களோடு சேர்ந்து அதுவும் பூண்டற்றுப் போனது. உன் கொல்லை அந்தக் காலத்தில் கடல்.

ஃபாசிலுக்கென்று தனி பி.எஸ்சி. தேடி அலையாதே. பி.எஸ்சி. ஜியாலஜியில் சேர வேண்டும். அதில் தொல்லுயிரியல், அதாவது ஃபாசில் படிப்பு, ஒரு பாடம். கூடவே கனிமங்கள், படிகங்கள், பாறை வகைகள், பாறையின் மடிப்பும் பிளவும், பாறை அடுக்குகளைப் படிக்கும் அடுக்கியல், நிலத்தடி நீர், தாதுக்கள் எல்லாம் வரும். "எனக்குச் சிப்பி போதும், படிகம் எதற்கு?" என்று முதல் வருடம் எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். சிப்பி எந்தப் பாறையில், எந்த அடுக்கில், எந்த ஆழக் கடலில் கிடந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால் நீ சேர்ப்பது அழகுப்பொருள்தான், ஃபாசில் இல்லை.

சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று நெடுங்காலமாக இந்தத் துறை உள்ள இடங்கள் இருக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் மேற்படிப்பு உண்டு. விண்ணப்பிக்கும் முன்பு, எந்தப் பட்டப்படிப்பு இந்த வருடம் நடக்கிறது என்று நேரில் போய்க் கேட்டுவிடு. கேட்கும்போது "ஜியாலஜி" என்றே சொல். நம் அரசுத் துறையின் பெயரே தமிழில் "புவியியல் மற்றும் சுரங்கத்துறை". பள்ளியிலோ புவியியல் என்றால் ஜியாகிரபி. நான் சேரப் போனபோது அலுவலக எழுத்தர் என்னை ஜியாகிரபி வரிசையில் நிறுத்திவிட்டார். அரை நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போக ஆசையிருந்தால் ஜாம் தேர்வில் ஜியாலஜி தாள் உண்டு. அதற்கு மேல் ஃபாசிலில்தான் ஆராய்ச்சி என்றால் லக்னோவில் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் இருக்கிறது. தாவர ஃபாசில்களைப் படித்த சாஹ்னி 1946இல் தொடங்கியது. 1949 ஏப்ரல் 3 அன்று நேரு கட்டடத்துக்கு நாட்டிய அடிக்கல்லிலேயே ஃபாசில்களைப் பதித்திருந்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் சாஹ்னி இறந்துபோனார். கட்டடத்தை அவர் பார்க்கவில்லை.

ஒரு வேலை மட்டும் இன்றே செய். சேர்த்துவைத்திருக்கும் ஒவ்வொரு கல்லும் எந்தக் கொல்லையில், எந்த மூலையில் எடுத்தது என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி, துண்டுச் சீட்டாகக் கூடவே போட்டுவை.

என் மகள் ஜியாலஜி படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். காடு மேடெல்லாம் ஆண்களோடு சுற்ற வேண்டுமாமே? சுரங்கத்தில் பெண்களுக்கு வேலை தரமாட்டார்களாமே?
— ஒரு தாய், விருதுநகர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடியில் இறங்கவிடவில்லை என்பது உண்மை. 2019இல் தளர்த்திவிட்டார்கள். தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்புகளில் உள்ள பெண்கள் எழுத்து மூலம் சம்மதம் தந்தால் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை நிலத்தடியில் வேலை செய்யலாம் என்று அப்போது விதி வந்தது. தவிர, ஜியாலஜி படித்தவர்கள் எல்லோரும் சுரங்கத்துக்குப் போவதில்லை. பாதிப் பேர் தண்ணீர் பார்க்கப் போகிறார்கள்.

காடு மேடு சுற்றுவது பற்றி என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் இருபத்துநாலு பேர், பெண்கள் இரண்டு பேர். முதல் கள ஆய்வு காரை என்ற ஊருக்கு. துறையில் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்மா, மார்க் போட்டுடறோம்" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான். நாங்கள் வருவோம் என்று நின்றோம். "அப்படின்னா வீட்டிலிருந்து ஒரு பெரியவங்க கூட வரட்டும்" என்றார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாயி வந்தாள்.

லால்குடியைத் தாண்டாத அப்பாயி, தூக்குவாளியில் புளிச்சோறும் வெற்றிலைப் பெட்டியுமாகக் காலேஜ் பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். காரையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஊட்டத்தூருக்குப் பக்கத்தில், மழை அரித்து அரித்து சிவப்பும் சாம்பலுமாக வரிவரியாகப் பிளந்த களிமண் பூமி. ஆங்காங்கே ஜிப்சம் கண்ணாடித் துண்டு போல மினுங்கும். வேலமர நிழலில் அப்பாயியை உட்காரவைத்துவிட்டு நாங்கள் ஓடையில் இறங்கிவிட்டோம். மூன்று மணி நேரம் தவழ்ந்து எங்கள் குழு எடுத்தது உடைந்த பெலெம்னைட் நாலு. அதுவும் கணவாய் இனம்தான். உடம்புக்குள் இருந்த கெட்டித் தண்டு மட்டும் துப்பாக்கித் தோட்டா போல மிஞ்சியிருக்கும். திரும்பி வந்தால் அப்பாயி முந்தானையில் பதினொன்று முடிந்துவைத்திருந்தாள். "சும்மா உக்காந்திருக்கச் சொல்ல போரடிச்சுது, பொறுக்கினேன்" என்றாள். பேராசிரியர் அவளிடமே போய், "எந்த இடத்துல எடுத்தீங்கம்மா?" என்று கேட்டார். அவள் தோராயமாகக் கையைச் சுற்றிக் காட்டினாள். அவர் பெருமூச்சு விட்டார்.

அப்புறம் யாரும் எங்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் படிப்பை முடித்த 1983இல்தான் சுதீப்தா சென்குப்தா என்ற நிலவியலாளர், இந்தியக் குழுவோடு அண்டார்க்டிகாவுக்குப் போனார். அந்தப் பத்திரிகைச் செய்தியை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். "அவ கூட யாரு போனா?" என்று கேட்டாள்.

உங்கள் மகளுக்கு நல்ல ஷூ, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுங்கள். கள ஆய்வுக்கு முன்பு, தங்குமிடத்தில் கழிப்பறை உண்டா என்று துறையில் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நாங்கள் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்தோம், கஷ்டப்பட்டோம்.

சில வருடங்களுக்கு முன் பெரம்பலூர் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, பிறகு இல்லை என்றார்களே. எது உண்மை?
— வாசகர், துறையூர்

2020 அக்டோபரில் வந்தது அது. படத்தைப் பார்த்தால் எனக்கே ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. உருண்டை உருண்டையாக, கூடைப்பந்து அளவில். போய்ப் பார்த்த நிலவியலாளர்கள், அவை முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றி வளர்ந்த கல்லுருண்டைகள் என்றார்கள்.

அது எப்படி வளர்கிறது என்றால்: செத்த உயிர் கடலடிச் சேற்றில் புதைகிறது. அது அழுகும்போது சுற்றியுள்ள சேற்று நீரின் வேதியியல் மாறி, சுண்ணாம்பு அந்த இடத்தில் மட்டும் இறுகத் தொடங்குகிறது. நடுவில் ஒரு விதை, சுற்றிலும் அடுக்கடுக்காகக் கல். பிறகு மற்ற களிமண் கரைந்து போய்விடும், உருண்டை மட்டும் நிற்கும். உடைத்தால் நடுவில் ஓடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

படத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று கேட்டிருந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும். குன்னத்துப் பாறை கடலில் படிந்தது. டைனோசர் தரையில் முட்டையிடும். அரியலூர்ப் பகுதியில் டைனோசர் எலும்பு கிடைத்த கல்லமேட்டில் இருப்பது ஆற்று மணல், ஆற்றுக் களிமண். அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் அடுக்கியல் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அந்த வகுப்பில்தான் தூங்குவார்கள்.

சம்பளம் வருமா? நேராகச் சொல்லுங்கள்.
— பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவர், சேலம்

நேராகவே சொல்கிறேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கஷ்டம். சிமென்ட் ஆலைச் சுண்ணாம்புக் குவாரியில் மாதிரி எடுத்துத் தரம் பார்க்கிற வேலை கிடைக்கலாம். வெயிலும் தூசியும் அதிகம், ஆரம்பச் சம்பளம் குறைவு. எம்.எஸ்சி. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த நில அறிவியலாளர் தேர்வு எழுதலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாகத்தான் எடுக்கிறார்கள். முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று படி. கேட் தேர்விலும் நம் பாடத்துக்குத் தாள் உண்டு.

ஃபாசில் படித்தால் பிழைக்க முடியாது என்று சீனியர்கள் சொல்வார்கள். நம்பாதே. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வருவது தூள் தூளான பாறை. அதில் டைனோசர் எலும்பு வராது; ஃபொராமினிஃபெரா என்ற குண்டூசித் தலை அளவு ஓடுகள் ஆயிரக்கணக்கில் வரும். துளை எந்தக் காலத்து அடுக்கில் இறங்கியிருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் அவற்றைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். கண் கெடும், ஆனால் கை காயாது.

சொந்தமாக ஏதாவது செய்ய நினைத்தால், போர்வெல்லுக்கு இடம் பார்க்க, நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மின்தடை அளவீட்டை ஒழுங்காகக் கற்றுக்கொள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவர் உனக்கு முன்பே அந்த ஊருக்குப் போய்விட்டு வந்திருப்பார். அவரைத் திட்டிக்கொண்டு ஆரம்பிக்காதே.

சாத்தனூர் கல்மரத்துக்கு 12 கோடி வயது என்று பலகையில் பார்த்தேன். கார்பன் டேட்டிங் செய்து கண்டுபிடித்தார்களா?
— ஆசிரியர், ஆலத்தூர்

இல்லை சார். இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, வரட்டும். கதிரியக்கக் கார்பன் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ஐம்பதாயிரம் ஆண்டு கடந்தால் அளக்கிற அளவுக்கு மிச்சமே இருக்காது. கீழடிக் கரித்துண்டுக்கு அது சரி. கல்மரத்துக்குச் சரிவராது, அதில் இப்போது இருப்பது பெரும்பாலும் மரமே இல்லை, மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட சிலிக்கா.

கடலில் படிந்த பாறைக்கு வயது சொல்வது அதனுள் இருக்கும் உயிர்கள்தான். சில அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் தோன்றிச் சீக்கிரம் அழிந்தவை, ஆனால் உலகக் கடலெல்லாம் பரவியவை. வேறு நாட்டில் அதே இனம் எரிமலைச் சாம்பல் அடுக்குக்குப் பக்கத்தில் கிடைக்கும். அந்தச் சாம்பலில் உள்ள சிர்கான் படிகத்தின் யுரேனியத்தையும் அது சிதைந்து உண்டான ஈயத்தையும் அளந்தால் ஆண்டுக்கணக்கு வரும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறோம்.

சாத்தனூரில் 18 மீட்டர் நீள அடிமரம் கிடக்கிறது அல்லவா, அதைச் சுற்றியுள்ள பாறையிலும் கடல் சிப்பிதான். கரையில் நின்ற மரம் அடித்துக்கொண்டு போய்க் கடலில் மூழ்கியிருக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். பலகை 12 கோடி என்கிறது. அந்தப் பாறைத் தொகுதியின் அம்மோனைட்டுகளைக் கேட்டால் சுமார் 9 கோடி என்கின்றன. நான் அம்மோனைட் பக்கம். உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது இரண்டு எண்ணையும் சொல்லுங்கள், எது சரி என்று அவர்களே சண்டை போடட்டும்.

எங்கள் வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமமும் ஃபாசில்தான் என்கிறான் என் பேரன். உடைத்துப் பார்க்கலாமா என்கிறான்.
— பாட்டி, ஸ்ரீரங்கம்

பேரன் சொன்னது சரி, கேட்டது தப்பு. நேபாளத்து கண்டகி ஆற்றில் வரும் ஜுராசிக் காலக் கல்லுருண்டைகள் அவை. உள்ளே இருக்கும் சக்கரம் அம்மோனைட்டின் சுருள். உடைக்க வேண்டாம் மாமி. பையனை ஒரு லீவு நாளில் காரைக்கு அனுப்புங்கள்.

முதல் முறையாகக் கள ஆய்வுக்குப் போகிறோம். சுத்தியல், கிளைனோமீட்டர், லென்ஸ், நீர்த்த அமிலம் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத ஏதாவது உண்டா?
— பி.எஸ்சி. முதலாம் ஆண்டு மாணவர்கள் மூவர், தூத்துக்குடி

பென்சில். மூன்று பேரும் ஆளுக்கு நாலு எடுத்துப் போங்கள்.

காரணத்தைச் சொல்ல கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்காகக் கருடமங்கலம் பக்கம் பத்து நாள் அலைந்தேன். சிப்பிகள் நிறைந்து, பாலிஷ் போட்டால் பளிங்கு மாதிரி இருக்கும் சுண்ணாம்புக்கல் அங்கே உண்டு. திருச்சினாப்பள்ளி மார்பிள் என்று வெள்ளைக்காரர்கள் மேஜைக்குப் போட்டார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று மாதிரி எடுத்தேன். ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டு, சீட்டில் இடமும் அடுக்கும் எழுதினேன். எழுதியது புதிதாக வாங்கிய ஹீரோ பேனாவால், நீல மையில். அப்பா பரிசாகக் கொடுத்தது, பெருமையாக இருந்தது.

கடைசி நாள் ஐப்பசி மழை. பஸ் மேலே கட்டிய சாக்குமூட்டை முழுக்க நனைந்தது. கல்லுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நான் கவலையே படவில்லை. துறையில் போய்ப் பைகளைப் பிரித்தால் நாற்பத்து மூன்று சீட்டும் நீலக் கறை. நோட்டுப் புத்தகத்திலும் பாதிப் பக்கம் அப்படியே. எந்தச் சிப்பி எந்த ஓடையிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

வழிகாட்டி திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஜன்னலோரம் வரிசையாக வைத்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா. தோட்டத்துல பாத்தி கட்டிக்கலாம்" என்றார். திட்டியிருக்கலாம். தை மாதம் மறுபடி பத்து நாள் போனேன், பென்சிலோடு.

எனக்குப் போனது நாற்பத்து மூன்று சிப்பி. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு பேர் நம் பக்கத்தில் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியவற்றையும், பிறகு ஸ்டோலிஸ்கா என்ற மொராவியக்காரர் கொல்கத்தாவில் உட்கார்ந்து பல தொகுதிகளாக விவரித்தவற்றையும் இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், சீட்டு இருப்பதால். இதற்கு நேர்மாறு கல்லமேட்டு டைனோசர் எலும்பு. 1980களில் யாதகிரி, அய்யசாமி என்ற இரு அறிவியலாளர்கள் விவரித்து, புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். எலும்பு ஏற்கெனவே நொறுங்கிக்கொண்டிருந்தது. மழையிலும் ஈரத்திலும் உதிர்ந்து மண்ணோடு போய்விட்டது. இப்போது கையில் இருப்பது சில கோட்டுப்படங்களும் பழைய புகைப்படங்களும் இடத்தின் பெயரும்தான். அவற்றை வைத்துக்கொண்டே 2022இல்கூடக் கட்டுரை எழுதினார்கள்.

ஆகவே: பென்சில், மழைக்கு பாலித்தீன் பை, ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு சீட்டு, பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று. படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். அது இல்லையென்றால் அந்தச் சுத்தியலையே வையுங்கள். போனில் இடக்குறி பதிவாகும்தான், ஆனால் போன் ஓடையில் விழுந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். முழு ஃபாசில் பாறையில் பதிந்திருந்தால் அடித்துப் பெயர்க்காதீர்கள், முதலில் வரையுங்கள். சாத்தனூர், திருவக்கரை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் சுத்தியல் பையைவிட்டு வெளியே வரவே கூடாது.

உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய கல் எது, அம்மா?
— வாசகி, பல்லாவரம்

அம்மி. உங்கள் ஊர்க் கல் வகைதான். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்தில் கிடைக்கும் சார்னகைட் என்ற பாறை, வயது சுமார் 250 கோடி ஆண்டு. இந்தப் பாறைக்கு அந்தப் பெயர் வந்தது கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் சமாதிக் கல்லாக அது போய்க் கிடந்ததால்; தாமஸ் ஹாலண்ட் 1893இல் வைத்தார். அந்தக் கல் நம் பக்கத்திலிருந்து போனது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பழைய கற்கோடரியைக் குனிந்து எடுத்ததும் உங்கள் பல்லாவரத்தில்தான். அது வேறு கல், குவார்ட்சைட்.

அம்மியை அம்மா சீராகக் கொடுத்தாள். எந்தக் குவாரிக் கல் என்று கேட்டேன், தெரியாது என்றாள். அடியில் பென்சிலால் "தாம்பரம் சந்தை, 1986" என்று எழுதிவைத்திருக்கிறேன். வாங்கிய இடம்தான், வெட்டிய இடம் இல்லை.